அவர்கள் பாரிஸுக்கு எப்படிப் போனார்கள்?

2016-ல் வந்த ‘தோழா’ படத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் மூன்று விஷயங்கள் வரும். கார்த்தியின் குறும்பு, நாற்காலியை விட்டு எழாமல் நாகார்ஜுனா நடித்தது, அப்புறம் பாரிஸ். நான் நாலாவதாக ஒரு கேள்வி கேட்பேன். “அவங்க பாரிஸுக்கு எப்படிப் போனாங்க?” “ஃப்ளைட்லதான்” என்பார்கள். “சரி, ஃப்ளைட்ல எப்படி ஏறினாரு?” அங்கே பேச்சு நின்றுவிடும். படத்தை நாலைந்து முறை பார்த்தவர்களுக்குக்கூட அது நினைவில் இல்லை. அது அவர்களுடைய ஞாபகத்தின் குறை இல்லை. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒரு மனிதர் ஒரு விமானத்துக்குள் எப்படிப் போகிறார், எப்படி வெளியே வருகிறார் என்பதில் படத்துக்கு அக்கறை இல்லை. அதன் அக்கறையெல்லாம் பாரிஸில் இருக்கிறது.

நான் பதினொரு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். நாலு வெளிநாடுகளுக்குப் போய்வந்திருக்கிறேன். அதனால் பயணக் கதைகளைப் படிக்கும்போதும் பார்க்கும்போதும் என் கண் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி தொடங்குகிறதே, நடுவில் ஒரு வெட்டு, அதைத்தான் பார்க்கிறேன். இந்தக் கட்டுரை அந்த வெட்டைப் பற்றியது. நாற்காலியில் இருப்பவரின் வெளிநாட்டுப் பயணத்தைச் சொல்லும் கதைகள் எதை வெட்டுகின்றன, வெட்டியதால் நாம் எதை நம்பிவிடுகிறோம் என்பதே என் கேள்வி.

மூலத்திலிருந்து தொடங்குவோம். ஃபிலிப் போஸ்ஸோ தி போர்கோ பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1993-ல் பாராகிளைடிங் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2001-ல் தன் நினைவுக் குறிப்புகளை எழுதினார். அவருக்கும் அவருடைய உதவியாளர் அப்தெல் செல்லூவுக்கும் இடையிலான உறவை வைத்து ஒலிவியே நகாஷ், எரிக் தொலெதானோ இருவரும் 2011-ல் எடுத்த படம் ‘தி இன்டச்சபிள்ஸ்’. பிரான்ஸில் மட்டும் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. அதன் முறையான மறு ஆக்கம்தான் வம்சி பைடிபள்ளி தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த ‘தோழா’.

பிரெஞ்சுப் படத்தில் விமானம் வருகிறது. ஆனால் அது தனி விமானம். உதவியாளர் திரீஸ் உள்ளே வந்து, வேறு ஆளே இல்லையே என்று திகைப்பார். தியேட்டரில் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் ஒன்று உறைத்தது. இயக்குநர்கள் ஒரு முழுப் பிரச்சினையைப் பணத்தால் கடந்துவிட்டார்கள். தனி விமானத்தில் வரிசை இல்லை, குறுகலான வழி இல்லை, பின்னால் நிற்கும் ஆளின் பெருமூச்சு இல்லை.

அதே படத்தில் இன்னொரு காட்சி எனக்கு முக்கியம். ஃபிலிப்பை வெளியே கூட்டிப்போக ஒரு வேன் இருக்கிறது. நாற்காலியோடு ஏற்றுகிற மாதிரி செய்யப்பட்டது. திரீஸ் அதைப் பார்த்து, குதிரையை ஏற்றுகிற மாதிரி மனுஷனை ஏற்ற மாட்டேன் என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்கும் மஸராட்டியில் அவரைத் தூக்கி உட்கார வைப்பார். படம் முழுமனதோடு மஸராட்டி பக்கம் நிற்கிறது. பார்க்கிற நாமும்தான். கௌரவம் என்றால் ஸ்போர்ட்ஸ் கார், பரிதாபம் என்றால் வேன். ஆனால் அந்த வேனில் போனால் நாற்காலி கூடவே வரும். மஸராட்டியில் போனால், போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னொருவர் தூக்காமல் இறங்க முடியாது. படம் கேலி செய்த பொருள்தான் உண்மையில் அந்த மனிதருக்குச் சுதந்திரம் தரக்கூடியது. கொண்டாடிய பொருள் அவரை நண்பனின் கைகளுக்குள்ளேயே வைத்திருப்பது. நட்பு அழகாகத் தெரிய வேண்டுமென்றால் சாய்தளம் அசிங்கமாகத் தெரிந்தாக வேண்டும் என்று அந்தக் கதையின் கட்டுமானமே கேட்கிறது.

“சினிமால எல்லாத்தையுமா காட்ட முடியும்? ஹீரோ பல் தேய்க்கிறதைக் காட்டுறாங்களா?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லோருக்கும் பொதுவானதை வெட்டலாம். பார்ப்பவர் தன் அனுபவத்தைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பிக்கொள்வார். பல் தேய்ப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த வெட்டை நிரப்ப, பார்ப்பவரிடம் அனுபவம் இல்லை. அதனால் அவர் தன் பயணத்தையே அங்கே வைத்துவிடுகிறார். வரிசையில் நின்றோம், ஏறினோம், தூங்கினோம், இறங்கினோம். போய்ச் சேர்வதற்கு மனசு இருந்தால் போதும், கூட ஒரு நல்ல தோழன் இருந்தால் போதும் என்று ஆகிவிடுகிறது.

வெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நானே சொல்கிறேன்.

விமானக் கதவு வரைதான் நம் நாற்காலி. அங்கே அதை விட்டுக்கொடுக்க வேண்டும். அது கீழே சரக்கு அறைக்குப் போய்விடும். இருக்கைகளுக்கு நடுவே போக, கைப்பிடி இல்லாத ஒரு குறுகலான நாற்காலி வரும். நெஞ்சுக்கு ஒரு பட்டை, தொடைக்கு ஒரு பட்டை. பின்புறமாக இழுத்துக்கொண்டு போவார்கள். நம் வரிசை வந்ததும் ஒருவர் அக்குளுக்கு அடியில், இன்னொருவர் முழங்காலுக்கு அடியில். “ஒன், டூ, த்ரீ.” முதலில் ஏறுவதும் கடைசியில் இறங்குவதும் நாம்தான். ஏறுவதற்கு ஆறு மணி நேரம் முன்பே நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். ஒற்றை வழி விமானங்களின் கழிப்பறைக்குள் என்னால் போக முடியாது. இதைச் சரிசெய்ய அமெரிக்க அரசு 2023-ல் ஒரு விதி கொண்டுவந்தது. நாற்காலி நுழையும் அளவுக்குக் கழிப்பறை பெரிதாக இருக்க வேண்டும் என்கிற விதி. ஆனால் பத்து வருடம் கழித்து ஆர்டர் கொடுக்கப்படும், அல்லது பன்னிரண்டு வருடம் கழித்துக் கைக்கு வரும் புது விமானங்களுக்குத்தான் அது பொருந்தும். என் தாகத்துக்கு 2035 வரை தவணை.

சரக்கு அறைக்குப் போன நாற்காலிக்கு என்ன ஆகிறது? சர்வதேச விமானப் பயணத்தில் இழப்பீட்டை முடிவு செய்வது 1999-ன் மாண்ட்ரியல் உடன்படிக்கை. 2009 முதல் இந்தியாவும் அதில் இருக்கிறது. அதன் கணக்கில் சக்கர நாற்காலி என்பது பயணப்பெட்டி. முன்கூட்டியே மதிப்பை அறிவிக்காவிட்டால், ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது ஏறக்குறைய 2,000 டாலர். உடலுக்கு ஏற்றபடி செய்யப்பட்ட ஒரு மோட்டார் நாற்காலியின் விலை இதைப்போலப் பல மடங்கு. அமெரிக்காவில் விமான நிறுவனங்கள் இதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். 2023-ல் மட்டும் சேதமானதும் தொலைந்ததும் தாமதமாக வந்ததுமாக 11,000-க்கும் மேல்.

ஒருமுறை ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் என் நாற்காலியின் இடது கால்தாங்கி வளைந்து வந்தது. புகார் செய்யப் படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு கட்டம்: பெட்டியின் நிறம். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் இருந்தார். அவரிடம் வேறு படிவம் இல்லை, அவ்வளவுதான். “கறுப்பு” என்று எழுதினேன்.

இதெல்லாம் வெறும் அலைச்சல் கதை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க ஊனமுற்றோர் உரிமைச் செயற்பாட்டாளர் எங்ரேசியா ஃபிகரோவாவின் நாற்காலி 2021 ஜூலையில் ஒரு விமானப் பயணத்தில் உடைந்தது. தன் உடலுக்குப் பொருந்தாத இன்னொன்றில் மணிக்கணக்கில் உட்கார நேர்ந்ததில் அவருக்குப் புண் முற்றியது. அந்த அக்டோபரில் இறந்தார். தொடு உணர்வு இல்லாத உடலில் புண் வருவது தெரியாது. தெரியும்போது தாமதமாகியிருக்கும். கதைகள் வெட்டிவிடுகிற இடத்தில் உயிர் போகவும் வாய்ப்பிருக்கிறது.

தமிழில் பயணம் என்பதே காலோடு பிறந்த சொல். கால் போன போக்கில் போனோம், காலாற நடந்தோம், அந்த மண்ணில் கால் பதித்தோம், கால்படாத இடமில்லை. ஏ. கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ முதல் இன்றைய யூடியூப் பயணிகள் வரை நம்முடைய பயணி ஒரு திடகாத்திரன். 1973-ல் வந்த எம்.ஜி.ஆர். படம் தலைப்பிலேயே அவனை ‘வாலிபன்’ என்று அறிவித்துவிட்டது. ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சித் திடலில் அவர் ஓடியாடுவதைத் தமிழகமே பார்த்தது. இந்த மரபை நான் குறை சொல்லவில்லை. செட்டியாரை விரும்பித்தான் படிக்கிறேன். ஆனால் நடக்காத ஒருவர் இந்த மரபுக்குள் வரும்போது அவருக்கென்று இரண்டே இரண்டு இடங்கள்தான் தயாராக இருக்கின்றன. ஒன்று, யாரோ தூக்கிக்கொண்டு போகும் பாக்கியசாலி. இன்னொன்று, “முடியாதது எதுவுமில்லை” என்று நிரூபிக்கும் தன்னம்பிக்கை நாயகன். இரண்டாவது வகைக் கதைகளை ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஸ்டெல்லா யங் 2014-ல் ஓர் உரையில் கிழித்துப்போட்டார். அவரும் நாற்காலியில் இருந்தவர். அவர் சொன்னதன் சாரம்: எவ்வளவு புன்னகைத்தாலும் படிக்கட்டு சாய்தளமாக மாறிவிடாது. அதற்குப் பிறகும் நம் வார இதழ்கள் அந்தக் கதையைத்தான் எழுதிக்கொண்டிருக்கின்றன.

வேறு மாதிரியும் கதை சொல்ல முடியும் என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் ஷோனாலி போஸின் ‘மார்கரீட்டா வித் எ ஸ்ட்ரா’ (2014). மூளை முடக்குவாதம் உள்ள லைலா (கல்கி கேக்லான்) டெல்லியிலிருந்து நியூயார்க்குக்குப் படிக்கப் போகிறாள். கூடப் போகும் அம்மாவாக நம் ரேவதி. லைலாவுக்குப் போட்டியில் ஜெயிப்பதும் முக்கியம், காதலிப்பதும் முக்கியம், கழிப்பறைக்குப் போவதும் முக்கியம். படம் இவை மூன்றையும் ஒரே குரலில் சொல்கிறது. கழிப்பறைக் காட்சி கதைக்கு வெளியே கிடக்கும் சங்கடம் இல்லை, கதையே அதன் வழியாகத் திரும்புகிறது.

எல்லாவற்றையும்விட, தலைப்பைப் பாருங்கள். ‘தோழா’ ஒரு ஆளின் பெயரால் தன்னை அழைத்துக்கொள்கிறது. இந்தப் படமோ ஒரு பொருளின் பெயரால். உறிஞ்சுகுழாய். லைலாவின் கை கோப்பையை உறுதியாகப் பிடிக்காது. ஸ்ட்ரா இருந்தால் அவள் தன் மதுவைத் தானே குடிப்பாள். கடைசிக் காட்சியில் அவள் தனியாக, கண்ணாடிக்கு எதிரே, அப்படித்தான் குடிக்கிறாள். தன்னோடு தானே போகும் ஒரு டேட்டிங். தோழன் என்பவன் அதிர்ஷ்டம். அவனுக்குக் காய்ச்சல் வரும், கல்யாணம் ஆகும், கோபித்துக்கொண்டு போவான். ஸ்ட்ரா அப்படியில்லை. யார் வந்தாலும் தருவதற்குக் கடையில் இருக்கும். நட்பை மதிக்கிறவன் என்கிற முறையிலேயே சொல்கிறேன், நட்புக்கு இவ்வளவு சுமை வைக்கக் கூடாது.

அந்தப் படத்திலும் வெட்டு உண்டு. அது வந்த காலத்தில் நியூயார்க் நிலத்தடி ரயில் நிலையங்களில் நான்கில் ஒன்றில்கூட நாற்காலி போக வழி கிடையாது. திரையில் தெரியும் நியூயார்க் அதைவிடக் கனிவானது. லைலா பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் இயக்குநரின் உறவுக்காரரான மாலினி சிப். ‘ஒன் லிட்டில் ஃபிங்கர்’ என்கிற அவருடைய தன்வரலாறு, தலைப்பில் சொல்கிறபடியே, ஒற்றைச் சுண்டுவிரலால் தட்டச்சு செய்யப்பட்டது. இங்கிலாந்தில் படிக்கப் போனபோது கிடைத்த சுதந்திரத்தைப் பற்றி அவர் அதில் எழுதியிருக்கிறார். ஒரு பெண் தன் நாற்காலியைத் தானே ஓட்டிக்கொண்டு வெளியே போவது அந்த நூலில் சாதனையாக வருவதில்லை. ருசியாக வருகிறது.

சரி, அப்படியானால் தூக்கிக்கொண்டு போவது எப்போதுமே இழிவா? இல்லை. இதற்குப் பதில் சொல்லும் ஒரு புத்தகம் ஜான் ஹாக்கன்பெர்ரியின் ‘மூவிங் வயலேஷன்ஸ்’ (1995). 1976-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட இவர், பிறகு அமெரிக்கப் பொது வானொலியின் நிருபராக மேற்காசியாவில் வேலை செய்தார். 1991-ல் சதாம் படைகளுக்குத் தப்பி மலைகளுக்கு ஓடிய குர்து அகதிகளைப் பார்க்க, நாற்காலியைக் கீழே விட்டுவிட்டுக் கழுதை மேல் போனார். புத்தகத்தின் தொடக்கமே அந்தக் கழுதைப் பயணம்தான். அங்கே வெட்டு இல்லை. மேலே ஏறும் பாதைதான் அவர் எழுதுகிற பொருள். அந்த மலையில் எல்லோருமே ஏதோ ஒன்றைச் சுமந்தார்கள், எல்லோருமே சுமையாக இருந்தார்கள். அதனால் அவர் தூக்கப்பட்டதில் அவமானம் ஒட்டவில்லை. அதற்கு மறு ஆண்டு நியூயார்க்கில், பிராட்வே அரங்கு ஒன்றில், டிக்கெட் வாங்கியிருந்தும் இருக்கைக்கு மாற உதவி கிடைக்காமல் அவர் வெளியே அனுப்பப்பட்டார். வழக்குப் போட்டார். அகதி முகாம் உள்ளே விட்டது, சொந்த ஊரின் நாடக அரங்கு விடவில்லை. யார் தூக்குகிறார்கள் என்பது பெரிய விஷயமில்லை. தூக்கலாமா என்று யாரைக் கேட்டு முடிவாகிறது, வேறு வழி இருந்ததா என்பதுதான் விஷயம்.

“நாங்க இருக்கோம்ல, தூக்கிட்டுப் போயிடுறோம்” என்கிற அன்பான குரலை நம்மூரில் நான் ஆயிரம் முறை கேட்டிருப்பேன். அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் அதற்கு நான் ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் முதல் தடவை பஸ் ஏறியபோது ஓட்டுநர் எழுந்து வந்து, நடுக்கதவில் மடக்கி வைத்திருந்த பலகையைக் கையால் விரித்தார். நான் ஏறினேன். பின்பக்கம் பார்த்தபடி நாற்காலியை நிறுத்தும் இடத்தில் நிறுத்தினேன். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, பலகையை மடக்கிவிட்டுப் போனார். லிட்டில் இந்தியாவுக்குப் போகிற கூட்டத்தில் ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்கலங்குகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. படமாக எடுத்தால் ஒரு நிமிடம்கூட ஓடாது. 2020 முடிவதற்குள் அந்த ஊரின் எல்லாப் பொதுப் பேருந்துகளையும் இப்படி ஆக்கிவிட்டார்கள். நான் பார்த்த பயணங்களிலேயே பெரிய சுகம் அந்த அலட்சியம்தான்.

இப்போது பாரிஸ். அந்த ஊரின் மெட்ரோ 1900-ல் தொடங்கியது. 300-க்கும் மேற்பட்ட நிலையங்கள். அவற்றில் தொடக்கம் முதல் முடிவு வரை எல்லா நிலையங்களிலும் நாற்காலி போகக்கூடிய வழித்தடம் ஒன்றே ஒன்று, 1998-ல் திறந்த 14-ஆம் எண். 2024 பாராலிம்பிக்ஸின்போது உலகமே இதைப் பேசியது. பஸ்ஸும் டிராமும் ஓரளவு நன்றாக இருக்கின்றன. ஈஃபில் கோபுரத்தில் இரண்டாம் தளம் வரை போகலாம், உச்சிக்கு அனுமதி இல்லை. ஒன்றே முக்கால் கோடிக்கும் மேலான டிக்கெட்டுகள் விற்ற படம் அந்த ஊரில்தான் ஓடியது. மக்கள் சிரித்தார்கள், அழுதார்கள். வெளியே வந்து மெட்ரோ படிக்கட்டில் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். படத்தில் இருந்தவர் அந்தப் படிக்கட்டில் இறங்க முடியாது என்பதைப் படம் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை, அவருக்குத்தான் மஸராட்டி இருந்ததே.

நான் படிப்பதிலேயே நேர்மையான பயண எழுத்து, இலக்கியம் என்று யாரும் சொல்லாத ஒன்று. நாற்காலியில் பயணம் செய்பவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்புகள். வாசலில் ஒரு படி, ஒரு சாண் உயரம். கதவு 75 செ.மீ. லிஃப்டுக்குள் போகலாம், திரும்ப முடியாது, பின்னாலேயே வர வேண்டும். கழிப்பறைக் கைப்பிடி இடது பக்கம் மட்டும். இந்த வரிகளில் உவமை கிடையாது, ஆனால் ஒரு உடல் இருக்கிறது. அந்த உடல் ஒரு இடத்துக்குள் நுழைந்து திரும்பி வந்திருக்கிறது. அடுத்து வருபவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்திருக்கிறது. நாம் பயண இலக்கியத்திடம் வேறு என்னதான் கேட்கிறோம்?

இந்தக் குறிப்புகளையும் கதையையும் ஒன்றாக வைக்கிற ஒரு நாவல் தமிழில் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதில் தோழர்கள் இருக்கட்டும், பாரிஸும் இருக்கட்டும். ஆனால் அவர்கள் விமானத்தில் ஏறும் அத்தியாயம் இருக்க வேண்டும். எழுதுபவர் நாற்காலியில் இருக்க வேண்டும் என்றுகூடச் சொல்ல மாட்டேன். வாசலில் எத்தனை படி என்று எண்ணிப் பார்த்தவராக இருந்தால் போதும்.